பேட்டைகளின் ஆட்டம்: ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வேரூன்றிய வரலாறு

ஆண்டுதோறும், பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையில், பாக்ஸிங் டே டெஸ்ட் மூலம் நமக்கு நன்கு அறிமுகமான மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள். அன்று அங்கே நடப்பது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் இறுதிப் போட்டி. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, 2015 முதல் விக்டோரியா மாநிலத்தில் அரசு விடுமுறை. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதிப் போட்டியைக் காண வந்தோர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2023இல் பருவம் முழுவதும் மைதானங்களுக்கு நேரில் வந்தவர்கள் 80 லட்சத்துக்கும் மேல். ஏறத்தாழ 2.7 கோடி மக்கள் வாழும் நாட்டில், ஏ.எஃப்.எல். எனப்படும் தேசிய லீக்கின் 18 கிளப்புகளில் பணம் கட்டி உறுப்பினரானவர்கள் மட்டும் 13 லட்சத்தை எட்டியிருக்கிறார்கள். ஆயினும் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இந்த ஆட்டத்துக்குப் பெரிய இடம் இல்லை. இதைத் தேசிய விளையாட்டாகக் கொண்டிருக்கும் நவ்ரு, பசிபிக்கில் உள்ள மிகச் சிறிய தீவு நாடு. ஆஸ்திரேலியாவுக்கு உள்ளேயே பாதிப் பகுதியில்தான் இது முதன்மையான ஆட்டம்.

இவ்வளவு ஆழமான பற்றும் இவ்வளவு குறுகிய பரப்பும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. இந்த ஆட்டம் ஒரு குறிப்பிட்ட நகரத்தின் குறிப்பிட்ட பேட்டைகளுக்குச் சொந்தமானதாகப் பிறந்தது. அந்தப் பேட்டைப் பற்றுதான் அதை வளர்த்தது. வேறு ஊர்களுக்கு அதை எளிதில் எடுத்துச் செல்ல முடியாமல் தடுத்ததும் அதுவே.

முதலில் ஆட்டத்தின் போக்கைச் சொல்லிவிட வேண்டும். களத்தில் அணிக்கு 18 பேர். மைதானம் முட்டை வடிவில் இருக்கும்; நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை, அகலம் 110 முதல் 155 மீட்டர் வரை. அதாவது, நாம் வழக்கமாகக் கால்பந்து என்று அழைக்கும் சாக்கரின் மைதானத்தைவிட மிகப் பெரிய பரப்பு. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளிகள். அவற்றுக்கு வெளியே உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. தலா 20 நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகளில், பந்து ஆட்டத்தில் இல்லாத நேரமும் ஈடுசெய்யப்படுவதால், ஒவ்வொரு பகுதியும் அரை மணி நேரம் வரை நீளும். பந்தைக் கையில் எடுத்து ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்ட வேண்டும் அல்லது தரையைத் தொடவைக்க வேண்டும். சக வீரருக்கு எறிய முடியாது. உதைக்க வேண்டும், அல்லது ஒரு கையில் வைத்து மறு கையின் முட்டியால் குத்தி அனுப்ப வேண்டும். ஆஃப்சைடு விதி கிடையாது என்பதால் வீரர்கள் களம் முழுவதும் பரவி நிற்பார்கள். பந்து எந்தத் திசையிலும் போகும்.

பார்வையாளர்களை ஈர்ப்பதில் எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது ‘மார்க்’ என்னும் பிடி. 15 மீட்டருக்குக் குறையாமல் உதைக்கப்பட்டு வரும் பந்தை, யார் கையும் படாமல் காற்றிலேயே ஒருவர் பிடித்துவிட்டால், ஆட்டம் அங்கே ஒரு கணம் நிற்கும். எதிரணியினர் விலகி நிற்க, பிடித்தவர் நிதானமாக உதைக்கலாம். இந்த ஒரு விதியால், பந்து உயரே வரும்போதெல்லாம் நான்கைந்து பேர் ஒன்றாக எம்புகிறார்கள். சிலர் எதிராளியின் முதுகிலும் தோளிலும் முழங்காலை ஊன்றி, அவர் தலைக்கு மேல் எழுந்து பந்தைப் பறிக்கிறார்கள். பந்தில் கண் இருக்கும்வரை அது விதிமீறல் ஆகாது. 1970 இறுதிப் போட்டியில் கார்ல்ட்டன் வீரர் அலெக்ஸ் ஜெசலென்கோ அப்படிப் பிடித்த ஒரு பிடி இன்றும் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. காலிங்வுட் அணியிடம் பாதி ஆட்டத்தில் 44 புள்ளிகள் பின்தங்கியிருந்த கார்ல்ட்டன் அன்று 10 புள்ளிகளில் வென்றது. அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் 1,21,696 பேர். அந்த எண்ணிக்கை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

விதிகளின் கவர்ச்சி மட்டுமே இந்தச் செல்வாக்கை விளக்கிவிடாது. அதற்கு 1850களின் மெல்பர்னுக்குப் போக வேண்டும். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. அப்போது 30,000 பேர்கூட இல்லாத மெல்பர்னின் மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 1,20,000ஐத் தாண்டியது. இளைஞர்கள் மிகுந்த, கையில் பணம் புழங்கிய, பழைய ஊர்க் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லாத நகரம் அது. 1856இல் அந்நகரத்துக் கல்தச்சர்கள் போராடி எட்டு மணி நேர வேலைநாளைப் பெற்றார்கள். பின்னர் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு மெல்ல மெல்லப் பரவியது. உழைக்கும் மக்களுக்கு ஓய்வு நேரம் என்ற ஒன்று, இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்கு முன்பாகவே, இங்கே வாய்த்தது என்பதை இந்த ஆட்டத்தின் வரலாற்றில் முதன்மையான செய்தியாகவே கருத வேண்டும்.

அந்தச் சூழலில்தான், 1858 ஜூலையில், டாம் வில்ஸ் என்ற புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் மெல்பர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் சோம்பிக் கிடந்து உடலைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கால்பந்துக் கிளப் தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே ஸ்காட்ச் கல்லூரியும் மெல்பர்ன் கிராமர் பள்ளியும் அணிக்கு 40 பேர் வீதம் மோதின. வில்ஸும், மெக்கடேமியா கொட்டைக்குத் தன் பெயரைத் தந்த ஜான் மெக்காடமும் அதற்கு நடுவர்கள். மூன்று நாள்களில், இடைவெளி விட்டு விட்டு நடந்த அந்த ஆட்டம் ஆளுக்கு ஒரு கோலுடன் சமனில் முடிந்தது. 1859 மே 17 அன்று வில்ஸ் உள்ளிட்ட சிலர் கிழக்கு மெல்பர்னில் உள்ள ஒரு ஹோட்டலில் கூடிப் பத்து விதிகளை எழுதினார்கள். இங்கிலாந்தில் சாக்கருக்கான சங்கம் 1863இல்தான் தோன்றியது. இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் படித்தவர் வில்ஸ். ஆனாலும் எதிராளியின் காலை உதைப்பதை அனுமதித்த அந்நாட்டுப் பள்ளி வழக்கங்களை மெல்பர்ன்காரர்கள் ஏற்கவில்லை. ஆடுபவர்கள் பள்ளிச் சிறுவர்கள் அல்லர். மறுநாள் பிழைப்புக்குப் போக வேண்டியவர்கள்.

குளிர்காலத்தில் வெறுமனே கிடந்த கிரிக்கெட் மைதானங்கள் மெல்ல இந்த ஆட்டத்துக்குத் திறந்துவிடப்பட்டன. புல்தரை கெடும் என்று தொடக்கத்தில் தயங்கிய கிரிக்கெட் கிளப்புகள், நுழைவுக் கட்டணத்தின் வருவாயைக் கண்டதும் மனம் மாறின. நகரம் வளர வளர, ரயிலும் டிராமும் எட்டிய ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு மைதானமும், அந்தப் பேட்டையின் பெயரில் ஒரு கிளப்பும் எழுந்தன: கார்ல்ட்டன், காலிங்வுட், எசெண்டன், ஃபிட்ஸ்ராய், செயின்ட் கில்டா, சௌத் மெல்பர்ன். இவற்றோடு மெல்பர்னும், துறைமுக நகரான ஜீலாங்கும் சேர்ந்து எட்டு கிளப்புகளாக 1897இல் தொடங்கியதுதான் விக்டோரியக் கால்பந்து லீக். இன்றைய தேசிய லீக்கின் நேரடி மூதாதை அதுவே. எங்கோ இருக்கும் ஒரு அணியை ரசிகர் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தத் தெருவில் பிறந்தாரோ அந்தத் தெருவின் அணி அவருடையது. பக்கத்துப் பேட்டையைத் தோற்கடித்தால், திங்கட்கிழமை தொழிற்சாலையில் அந்தப் பேட்டைக்காரரை நேருக்கு நேர் பார்க்கலாம். தொழிலாளர் பேட்டையான காலிங்வுட், 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பையை வென்றது. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் கதவைத் தட்டிய ஆண்டுகள் அவை. வேலையிழந்த குடும்பங்களுக்குத் தலைநிமிர்ந்து நடக்கக் கிடைத்த காரணங்களில் அந்த அணியும் ஒன்று.

இதே ஆட்டம் தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா ஆகிய இடங்களிலும் விரைவிலேயே வேரூன்றியது. ஆனால் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் அது நுழைய முடியவில்லை. 1901 வரை ஆஸ்திரேலியா தனித்தனிக் குடியேற்ற நாடுகளாக இருந்தது. ‘விக்டோரிய விதிகள்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்த ஒன்றைச் சிட்னியின் மேல்தட்டினர் மதிக்கத் தயாராக இல்லை. அவர்களுடைய பள்ளிகளும் பல்கலைக்கழகமும் ரக்பியைத் தழுவியிருந்தன. 1908இல் ரக்பியிலிருந்து பிரிந்த ‘ரக்பி லீக்’ என்ற ஆட்டம் சிட்னியில் தொடங்கியபோது, சௌத் சிட்னி, பால்மெய்ன் என்று பேட்டைப் பெயர் தாங்கிய தொழிலாளர் அணிகளே அதன் முதுகெலும்பாயின. ஆக, மெல்பர்னில் ‘ஃபுட்டி’ என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த ஆட்டம் நிரப்பிய அதே இடத்தைச் சிட்னியில் வேறொரு ஆட்டம் நிரப்பிவிட்டது. நாட்டை இரண்டாக வகுக்கும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கு, வரலாற்றாசிரியர் இயன் டர்னர் 1978இல் ‘பராசி கோடு’ என்று பெயரிட்டார். ரான் பராசி மெல்பர்ன் அணியின் பெரும் வீரர், பின்னாளில் பல அணிகளின் பயிற்சியாளர். கான்பெரா வழியாகக் குறுக்காகச் செல்லும் அந்தக் கோட்டுக்கு மேற்கிலும் தெற்கிலும் ஃபுட்டி, வடகிழக்கில் ரக்பி.

அந்தக் கோட்டைத் தாண்டும் முயற்சி 1982இல் ஒரு கசப்போடு தொடங்கியது. கடனில் மூழ்கியிருந்த சௌத் மெல்பர்ன் கிளப் சிட்னிக்கு மாற்றப்பட்டது. அதன் பழைய ஆதரவாளர்களில் பலர் அத்துடன் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். 1987இல் பெர்த்திலும் பிரிஸ்பேனிலும் புதிய அணிகள் வந்தன. 1990இல் லீக்கின் பெயரிலிருந்து விக்டோரியா நீங்கி ஆஸ்திரேலியா வந்தது. 1992இல் பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் முதன்முறையாகக் கோப்பையை விக்டோரியாவுக்கு வெளியே கொண்டுபோனது. மெல்பர்னில் அளவுக்கு மீறிக் கிளப்புகள் இருந்தன, அவற்றில் பலவற்றிடம் பணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து இரண்டு கிளப்புகளை ஒன்றாக்கிவிடலாம் என்று நினைத்த நிர்வாகிகள், பேட்டைப் பற்றின் வலுவைக் குறைத்து மதிப்பிட்டார்கள். 1989இல் ஃபுட்ஸ்க்ரே கிளப்பை ஃபிட்ஸ்ராயுடன் இணைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டபோது, மேற்கு மெல்பர்னின் தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் உண்டியல் குலுக்கிப் பணம் திரட்டி அதை முறியடித்தன. 1996 செப்டம்பரில் ஹாத்தார்ன் கிளப்பை மெல்பர்னுடன் இணைப்பதா என்று உறுப்பினர்கள் வாக்களிக்கக் கூடியிருந்தார்கள். முன்னாள் கேப்டன் டான் ஸ்காட் மேடையில், இணைப்பால் உருவாகவிருந்த புதிய கிளப்பின் சட்டையை உயர்த்திக் காட்டினார். அதில் ஒட்டியிருந்த ஹாத்தார்னின் பருந்துச் சின்னத்தைப் பிய்த்தெடுத்தார். அடியில் எஞ்சியது மெல்பர்னின் சட்டை. யார் யாருக்குள் கரையப்போகிறார்கள் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. ஹாத்தார்ன் உறுப்பினர்கள் இணைப்பை நிராகரித்தார்கள். அழியவிருந்த அந்தக் கிளப் 2008இலும், 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று முறையும் கோப்பை வென்றது. ஃபுட்ஸ்க்ரே, வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்ற புதிய பெயரில், 62 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2016இல் வென்றது.

ஃபிட்ஸ்ராய் பிழைக்கவில்லை. 1996 செப்டம்பர் 1 அன்று, சொந்த ஊரிலிருந்து ஒரு கண்டத்தின் தொலைவில் உள்ள பெர்த்தில், தன் கடைசி லீக் ஆட்டத்தை ஆடிவிட்டு அது பிரிஸ்பேனுடன் இணைக்கப்பட்டது. பிரிஸ்பேன் லயன்ஸ் இன்று லீக்கின் வலுவான அணிகளில் ஒன்று. 2024இலும் 2025இலும் கோப்பை அதனுடையதே. நிர்வாகக் கண்ணில் இது வெற்றிக் கதை. ஆயினும் ஃபிட்ஸ்ராய் கிளப் முற்றிலும் மறையவில்லை. 2009 முதல் மெல்பர்னின் அமெச்சூர் லீக்கில், தன் பழைய பிரன்ஸ்விக் தெரு மைதானத்திலேயே, சம்பளமில்லாத வீரர்களுடன் ஆடிவருகிறது. தேசிய லீக்கின் கோப்பைகளால் ஈடுகட்ட முடியாத ஒன்று அந்தப் பேட்டைக்காரர்களிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தேசிய லீக் நிலைத்ததற்கு அதன் பொருளாதார ஏற்பாடும் முக்கியக் காரணம். 1980களில் வீரர் சம்பளத்துக்கு உச்சவரம்பும், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையும் வந்தன. கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. பணக்காரக் கிளப் எல்லா நல்ல வீரர்களையும் வாங்கிவிட முடியாது. கடைசியில் முடிக்கும் அணியைக் கீழ்நிலை லீக்குக்கு இறக்கும் பிரிவிறக்கமும் கிடையாது. தொலைக்காட்சி வருவாய் மையத்தில் திரட்டப்பட்டுப் பகிரப்படுகிறது. 2025 முதல் 2031 வரையிலான ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 450 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஐரோப்பிய சாக்கரில் நான்கைந்து கிளப்புகளே மாறி மாறி வெல்வதைப் பார்த்துப் பழகியவர்கள், இந்த ஏற்பாட்டின் நியாயத்தை உணர வேண்டும்: பத்தாண்டு பொறுத்தால் நம் அணிக்கும் ஒரு காலம் வரும் என்ற நம்பிக்கை ரசிகர்களுக்கு இருக்கிறது. அதற்கு விலையும் உண்டு. முன்பு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாப் பேட்டைகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கிய ஆட்டங்கள், இன்று தொலைக்காட்சிக்காக வியாழன் முதல் ஞாயிறு வரை சிதறிக் கிடக்கின்றன. மெல்பர்னின் பழைய பேட்டை மைதானங்களில் ஆண்கள் லீக் ஆட்டம் இப்போது நடப்பதில்லை.

பூர்வகுடி மக்களுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு தனியே சொல்லப்பட வேண்டியது. விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் ஜாப் வுருங் மக்களிடையே வளர்ந்த டாம் வில்ஸ் அவர்களுடைய மொழியைப் பேசக் கற்றவர். அப்பகுதியில் போசம் என்ற விலங்கின் தோலால் செய்த பந்தை உயர உதைத்து, எம்பிப் பிடித்து ஆடும் மார்ன்க்ரூக் என்ற ஆட்டம் இருந்தது. அதுவே மார்க் பிடிக்கு ஊற்று என்று பலர் நம்புகிறார்கள். 1859இன் விதிகளோடு அதை நேரடியாக இணைக்கும் ஆவணம் கிடைக்கவில்லை என்று வேறு சில ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். வாதம் எப்படி முடிந்தாலும், இன்று இந்த ஆட்டத்தின் அழகில் பெரும்பங்கு பூர்வகுடி வீரர்களுடையது என்பதில் ஐயமில்லை. டார்வினுக்கு வடக்கே உள்ள திவி (Tiwi) தீவுகளில் சில ஆயிரம் பேரே வாழ்கிறார்கள். அங்கிருந்து வந்த ரியோலி குடும்பத்தில் மட்டும், மாரிஸ் 1982இலும் சிரில் 2015இலும் இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை வென்றார்கள்.

ஆனால் அந்த வீரர்கள் கேட்க நேர்ந்த வசைகளும் இந்த ஆட்டத்தின் வரலாறுதான். 1993 ஏப்ரலில் காலிங்வுட் மைதானத்தில், செயின்ட் கில்டா வீரர் நிக்கி வின்மர் ஆட்டம் முழுவதும் இனவசைகளைக் கேட்டார். வென்றபின் கூட்டத்தை நோக்கித் திரும்பி, சட்டையை உயர்த்தித் தன் கறுத்த தோலைச் சுட்டிக்காட்டினார். அந்தப் புகைப்படம் ஆஸ்திரேலிய வரலாற்றின் மறக்க முடியாத படங்களில் ஒன்றாகிவிட்டது. 1995இல் மைக்கேல் லாங் என்ற எசெண்டன் வீரர், தன்னை இழிவாகப் பேசிய எதிரணி வீரரைப் பற்றி முறையிட்டு விடாப்பிடியாக நின்றதால், இனவசைக்கு எதிரான விதியை லீக் கொண்டுவந்தது. அத்தனைக்கும் பிறகு, லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரு முறை பெற்றவரும் 2014ஆம் ஆண்டின் ‘சிறந்த ஆஸ்திரேலியர்’ விருதாளருமான ஆடம் குட்ஸ், 2015 பருவத்தில் மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு அவமதிக்கப்பட்டார். இனவெறியை வெளிப்படையாகப் பேசியதே அவர் செய்த குற்றம். அந்த ஆண்டோடு அவர் ஓய்வு பெற்றார். லீக்கும் 18 கிளப்புகளும் 2019இல் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. நான்கு ஆண்டுகள் தாமதித்து வந்த மன்னிப்பு அது. அதை ஆட்டத்தின் பெருமைகளில் ஒன்றாகச் சேர்க்க இயலாது.

பெண்கள் எப்போதும் பார்வையாளர்களில் பெரும் பங்காக இருந்தார்கள் என்பது இந்த ஆட்டத்தின் சிறப்பு. ஆனால் அவர்களுக்கான தேசிய லீக் 2017இல்தான் வந்தது. கார்ல்ட்டனின் பழைய மைதானத்தில் நடந்த அதன் முதல் ஆட்டத்துக்கு 24,568 பேர் வந்து, இடமின்றி வாயிற்கதவுகள் மூடப்பட்டன. கைவிடப்பட்ட பேட்டை மைதானங்களில் மீண்டும் லீக் ஆட்டம் நடப்பது பெண்களால்தான்.

கிராமப்புறங்களுக்குப் போனால் ஆட்டத்தின் வேர் இன்னும் தெளிவாகத் தெரியும். விக்டோரியாவின் கோதுமை ஊர்களில் கால்பந்துக் கிளப்பும் நெட்பால் கிளப்பும் ஒரே அமைப்பு. சனிக்கிழமை காலை சிறுவர் அணிகளில் தொடங்கி, பிற்பகலில் முதல்நிலை ஆண்கள் அணி களமிறங்கும். பக்கத்துத் தளத்தில் அதே ஊர்ப் பெண்களின் நெட்பால் நடக்கும். எல்லைக் கோட்டைச் சுற்றி, முகப்பு மைதானத்தைப் பார்க்கக் கார்களை நிறுத்தி, குளிருக்கு உள்ளேயே அமர்ந்து பார்ப்பார்கள். தம் ஊர் கோல் அடித்தால் கார்களின் ஹாரன் ஒன்றாக ஒலிக்கும். சமையற்கூடத்தில் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்னும் பண்டம் விற்பதும், கோட்டில் நின்று கோல் நடுவராகக் கொடி அசைப்பதும் ஊர்க்காரர்களே. பண்ணைகள் பெரிதாகி, ஊர்கள் சுருங்கி, இளைஞர்கள் நகரத்துக்குப் போகும்போது, 18 பேரைத் திரட்ட முடியாமல் இரண்டு எதிரி ஊர்கள் ஒரே கிளப்பாக இணைகின்றன. பள்ளியும் வங்கியும் மூடப்பட்ட ஊரில் கடைசியாக மிஞ்சும் பொது இடம் பெரும்பாலும் இந்த மைதானம்தான்.

இந்தச் செல்வாக்கு அசைக்க முடியாதது என்று சொல்லிவிட முடியாது. நாடெங்கும் சிறுவர் சிறுமியரிடையே சாக்கர் பரவலாக ஆடப்படுகிறது. அதற்கு ஒரு பந்து போதும், காயமும் குறைவு. மறைந்த வீரர்கள் சிலரின் மூளையில், தலையில் திரும்பத் திரும்பப் படும் அடிகளால் வரும் சிதைவு நோய் கண்டறியப்பட்டது. பெண்கள் லீக்கில் ஆடிய ஹெதர் ஆண்டர்சன் அவர்களில் ஒருவர். முன்னாள் வீரர்கள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்திருக்கிறார்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்வு ஏற்பட்டவர் குறைந்தது 12 நாள்கள் ஆடக் கூடாது என்று தேசிய லீக்கில் இப்போது விதி இருக்கிறது. ஆனால் முழங்கால் ஊன்றி எம்பும் மார்க்கும் எந்தத் திசையிலிருந்தும் வரும் மோதலும்தான் இந்த ஆட்டத்தின் இயல்பு என்பதால், விதிகளால் எவ்வளவு தூரம் பாதுகாக்க முடியும் என்ற கேள்வியைப் பெற்றோர் எழுப்புவது நியாயமே.

இதற்கிடையே டாஸ்மேனியாவின் கதை நடந்துகொண்டிருக்கிறது. தொடக்கக் காலத்திலேயே இந்த ஆட்டத்தைத் தழுவி, பெரும் வீரர்கள் பலரைத் தந்த அந்தத் தீவு மாநிலத்துக்குத் தேசிய லீக்கில் சொந்த அணி இல்லாமலே இருந்தது. ஆட்டம் வேரூன்றாத கோல்ட் கோஸ்டுக்கும் மேற்குச் சிட்னிக்கும் 2011, 2012இல் அணிகளை உருவாக்கிய லீக், தொலைக்காட்சிச் சந்தை சிறியது என்ற கணக்கால் டாஸ்மேனியாவைத் தள்ளிவைத்தது. இறுதியில் 2023இல் உரிமம் கிடைத்தது. 2028இல் ஆடத் தொடங்குவதாகத் திட்டம். ஹோபார்ட்டில் கூரையுடன் கூடிய புதிய ஸ்டேடியம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மருத்துவமனைக்கும் வீட்டு வசதிக்கும் செலவிட வேண்டிய பணம் என்று எதிர்ப்பவர்களும், தலைமுறைகளாகக் காத்திருந்தோம் என்று ஆதரிப்பவர்களுமாக அந்த மாநிலத்தின் அரசியலே இதில் இரண்டுபட்டது. 2024 மார்ச்சில் பத்து டாலர் கட்டணத்தில் தொடக்க உறுப்பினர் சேர்க்கை திறக்கப்பட்டபோது, வைத்திருந்த இலக்கு 40,000. டாஸ்மேனியாவின் மொத்த மக்கள்தொகையே ஆறு லட்சத்துக்குள்தான். உறுப்பினர் எண்ணிக்கையோ வெகு விரைவில் ஒரு லட்சத்தைக் கடந்தது. அணியில் அப்போது ஒரு வீரர்கூட இல்லை.